உரிய காலத்தில்

கோவை சிறை
12 பிப்ரவரி 2024

அக்காவுக்கு மாறன்.

எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அவ்வளவுதான். உன் முழங்கால் எப்படி? கயலுக்கு வேளச்சேரி மாலில் வேலை நிரந்தரமாகிவிட்டதா? வரிசையாகப் பதில் எழுது. நான் நாலு கேட்டால் நீ ஒன்றுக்குச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாய். போனில் பேசலாம் என்றால் என் குரலைக் கேட்டதும் அழ ஆரம்பிக்கிறாய், கொடுக்கிற நிமிஷமெல்லாம் அதிலேயே போகிறது. அதனால் கடிதமே மேல்.

விஷயம் என்னவென்றால், விடுதலை மனு போட்டேனே, அதற்குப் பதில் வந்துவிட்டது! பதினைந்து வருஷத்தில் கோர்ட்டுக் காகிதத்தை விட்டால் என் பேருக்கு வந்த முதல் அரசாங்கக் கடிதம். நாலே வரி, அத்தனையும் இங்கிலீஷ். எடுத்துக்கொண்டு பொன்ராஜ் அண்ணனிடம் ஓடினேன். அவர் தண்டனைக்கு முன்னால் தாலுக்கா ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர், இப்போது என் பிளாக்தான். படித்துச் சொன்னார். மனு கிடைத்ததாம், பரிசீலனையில் இருக்கிறதாம், 'இன் டியூ கோர்ஸ்' உத்தரவு வருமாம்.

அப்படியென்றால் என்ன அண்ணே என்றேன். உரிய காலத்தில் என்று அர்த்தம் என்றார். உரிய காலம் எப்போது என்றேன். அதற்கு ஒரு கணக்குச் சொன்னார் பார். 'இம்மீடியட்லி' என்று எழுதியிருந்தால் ஒரு மாசம் ஆகுமாம். 'ஷார்ட்லி' என்றால் மூன்று மாசம். 'அட் தி எர்லியஸ்ட்' என்றால் எழுதியவனுக்கே தெரியாதாம், நாமாக ஆறு மாசம் வைத்துக்கொள்ளலாமாம். அப்போது 'இன் டியூ கோர்ஸ்' எத்தனை மாசம் என்றேன். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார் மனுஷன்.

எனக்கென்னவோ நல்ல வார்த்தையாகத்தான் தோன்றுகிறது. கொடுக்க மாட்டேன் என்றால் மாட்டேன் என்று எழுதிவிட்டுப் போகிறான், அவனுக்கு என்ன பயம்? அந்த வரியைத் தனித்தாளில் பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன், நீ வேலை செய்கிற வீட்டு மேடத்திடம் காட்டிக் கேள்.

மனுவில் நம் கோட்டூர்புரம் வீட்டு விலாசம்தான் கொடுத்திருக்கிறேன். கடிதத்தை மட்டும் ஏன் மேடம் வீட்டுக்குப் போடச் சொல்கிறாய்? தபால்காரர் மாறிவிட்டார் என்றாய். ரெண்டு வருஷமாகவா மாறிக்கொண்டே இருக்கிறார்?

தம்பி


அடையாறு
26 பிப்ரவரி 2024

மாறனுக்கு அக்கா தேவானை.

முழங்கால் வலிக்கிறது, வயசானால் வலிக்கும். கயலுக்கு வேலை நிரந்தரம், நீலக் கோட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதைப் போட்டால் என் மகள் மாதிரியே இல்லை. பல்லை நாக்கால் ஆட்டிக்கொண்டே இருக்காதே. போதுமா வரிசை?

நீ எழுதின தாளை மேடத்திடம் காட்டினேன். அஸ்மத்துன்னிசா மேடம் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீஸில் இருந்தவர், அவருக்குத் தெரியாத காகிதமா? வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வரிய நானே ஆயிரம் தடவை டைப் பண்ணிருக்கேன், தேவானை" என்றார்.

"அப்ப நல்ல வார்த்தையா மேடம்?"

"மரியாதையான வார்த்தைம்மா."

"எப்ப வரும்னு அர்த்தம்?"

"தேதி தெரிஞ்சா தேதியப் போட்டிருப்பாங்க. தெரியாதப்ப இதப் போடுவோம்."

அப்புறம் டீ ஆறிவிட்டது, சுட வைத்துக் கொண்டுவா என்றார். ஆறவே இல்லை, நான் அப்போதுதான் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

நீ சொல்கிற மாதிரி நல்லதுதான் மாறா. மரியாதையாக எழுதியிருக்கிறார்களே. தண்ணி லாரி வரிசையில் ஒரு சண்டை, ஒரு தள்ளு, ஒரு உயிர் போனது, அன்றிலிருந்து நம்மிடம் யார் மரியாதையாகப் பேசினார்கள்? பொறுமையாக இரு.

வீட்டுக்கு என்ன, இருக்கிறது. தபால் விஷயத்தை விடு.

அக்கா


கோவை
18 மார்ச் 2024

அக்காவுக்கு மாறன். பல் விழுந்துவிட்டது, இனிமேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நீ மாத்திரை போடுகிறாயா என்று எழுது.

ஒரு சந்தோஷமான சேதி. பொன்ராஜ் அண்ணன் சொல்கிறார், உத்தரவு போடுவதற்கு முன்னால் ஒரு ஆள் வீட்டுக்கு வந்து விசாரிப்பாராம். இவன் வெளியே வந்தால் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்பாராம். ஆமாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அழாமல் சொல்லு தாயே! அவர் பயந்து ஓடிவிடப் போகிறார்.

இங்கே சாயந்திரம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பூட்டினதும் நான் நம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். பாலத்தில் இறங்கி, ஆற்றோரமாகக் குழாயடி தாண்டி, மூணாவது கதவு. தகரக் கதவின் அடிப்பக்கம் கொஞ்சம் நெளிந்திருக்கும், காலால் தூக்கித்தான் தள்ள வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவேன். இங்கே எத்தனையோ பேருக்குத் தூக்கம் வருவதில்லை, எனக்கு வந்துவிடும்.

அந்தக் கதவை மட்டும் மாற்றிவிடாதே. வந்து நானே சரி செய்கிறேன்.

தம்பி


(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

30 மார்ச் 2024

மாறா, நீ நன்றாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனையும்.

வீடு இல்லையடா. ரெண்டு வருஷம் முன்னால், ஏப்ரலில், ஆற்றை அகலம் பண்ணுகிறோம் என்று வந்து நம் வரிசை முழுவதையும் இடித்துவிட்டார்கள். காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். சுவர் இருக்கிறது, குழாய் இருக்கிறது, படுக்க இடம் இருக்கிறது. அங்கிருந்து ரெண்டு பஸ் பிடித்து அடையாறுக்கு வேலைக்கு வருகிறேன்.

அதே மாசம்தான் அம்மா போனாள். உன்னைக் கொண்டுவந்து காட்ட முடியவில்லை, நீ பன்னிரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அங்கிருந்து போன் பண்ணிச் சொன்னார்கள். அந்த நேரத்தில் வீடும் போச்சு என்று எந்தக் கையால் எழுதுவேன்? அப்புறம் எழுதலாம் என்று வைத்தேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

இப்போது ஆள் வருவார் என்கிறாய். நாளையிலிருந்து மூணு மணிக்கு வேலை முடிந்ததும் நம் பழைய இடத்துப் பக்கம் இன்னும் இருக்கிற பொன்மணி டீக்கடையில் போய் உட்காரப் போகிறேன். ஆள் வந்தால் கையோடு பெரும்பாக்கத்துக்கு அழைத்துப் போய் வீட்டைக் காட்டிவிடுவேன். உனக்குத் தெரிய வேண்டிய அவசியமே வராது. நீ வெளியே வந்தபிறகு நேரில் சொன்னால் என்னை அடித்தாலும் பரவாயில்லை.

இதை அனுப்ப மாட்டேன் என்று எனக்கே தெரிகிறது.


அடையாறு
2 ஏப்ரல் 2024

மாறனுக்கு அக்கா. மாத்திரை போடுகிறேன். வெயில் ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் நிறையக் குடி.

ஆள் வந்தால் நான் இருப்பேன். தினமும் சாயந்திரம் அங்கேதான் இருக்கிறேன். நீ கவலைப்படாதே. கதவை மாற்றவில்லை.

அக்கா


கோவை
24 ஜூன் 2024

அக்காவுக்கு மாறன். சென்னையில் மழை என்று பேப்பரில் பார்த்தேன். வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணி வந்ததா? ஏன் ரெண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை?

நாலு மாசத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தகவலும் இல்லை. பொன்ராஜ் அண்ணன் நேற்றுதான் வாயைத் திறந்தார். "டேய் மாறா, இன் டியூ கோர்ஸ்னா நீ கேக்குற வரைக்கும்னு அர்த்தம்டா. கேக்கலன்னா ஃபைல் அடியிலயே கெடக்கும். நானே எத்தனையோ ஃபைல அப்படி அமுக்கி வச்சிருக்கேன்" என்றார். அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு என்று கத்திவிட்டேன். பாவம், அவருக்கும் என்னை விட்டால் பேச ஆள் கிடையாது, மறுபடி போய்ப் பேசினேன்.

வெளியில் இருக்கிற ஆள் ஒரு ரிமைண்டர் எழுதிப் போட்டால் ஃபைல் மேலே வருமாம். விலாசம், மனு நம்பர், இவ்வளவுதான் வேண்டும். மேடத்திடம் எழுதி வாங்கி ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு அக்கா.

தம்பி


அடையாறு
9 ஜூலை 2024

மாறனுக்கு அக்கா. காய்ச்சலில் கிடந்தேன், அதுதான் எழுதவில்லை. இப்போது தேவலை. வீட்டுக்குத் தண்ணி வரவில்லை.

ரிமைண்டர் எல்லாம் வேண்டாம். நீ கோபப்படாமல் கேள். இருபத்திரண்டு வருஷமாக வீட்டு வேலை செய்கிறேன். ஒரு வீட்டில் லீவு கேட்கிறோம், பார்க்கலாம் என்கிறார்கள். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மறுநாள் போய் அந்த லீவு என்னாச்சு அம்மா என்று கேட்டால், "இப்பத்தான சொன்னேன்? அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று முகம் மாறிவிடும். கிடைக்க இருந்ததும் போய்விடும். நான் யாரிடமும் எதையும் ரெண்டாவது தடவை கேட்டதில்லை. அதனால்தான் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருக்கிறேன்.

மேடமும் நீ சொல்வதைத்தான் சொல்கிறார். "அது வீடு இல்ல தேவானை, ஆபீஸ். அங்க முகமே கிடையாது, மாறுறதுக்கு. எழுதிப் போடு, எல்லாத்தையும் எழுதிப் போடு" என்று பேப்பரையும் பேனாவையும் எடுத்து வைத்துவிட்டார். எல்லாத்தையும் என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. வேண்டாம் மேடம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மரியாதையாக எழுதினவர்கள் மரியாதையாகச் செய்வார்கள். நாம் காத்திருப்போம்.

அக்கா


அடையாறு
22 அக்டோபர் 2024

மாறா! நன்றாக இருக்கிறாயா? எனக்கு இன்றைக்கு ஒரு வலியும் தெரியவில்லை.

ஆள் வந்தாராம்! நேற்று சாயந்திரம் பொன்மணி சொன்னாள். "காலையில பதினோரு மணிக்கு ஃபைலு ஒண்ணு வச்சிக்கினு ஒருத்தரு வந்தாருக்கா. உன் தம்பி பேரச் சொல்லி விசாரிச்சாரு. அக்கா சாயங்காலம் வரும் சார்னேன். சரின்னு எழுதிக்கினு போனாரு" என்றாள்.

அந்த நேரத்தில் நான் இங்கே சமையல் செய்துகொண்டிருந்தேன். ஆபீஸ் ஆள் ஆபீஸ் நேரத்தில்தான் வருவார் என்று எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? ஆறு மாசமாகச் சாயந்திரம் சாயந்திரம் உட்கார்ந்திருக்கிறேன், முட்டாள். பரவாயில்லை, எழுதிக்கொண்டு போயிருக்கிறார் இல்லையா? மறுபடி வருவார். மேடத்திடம் சொல்லி இந்த வாரம் காலையில் லீவு வாங்கிவிட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்.

அக்கா


கோவை
5 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. மறுபடியும் இங்கிலீஷ். பொன்ராஜ் அண்ணன் ரெண்டு தடவை படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நச்சரித்துக் கேட்டதும் சொன்னார்.

மனு தள்ளுபடி. காரணம் போட்டிருக்கிறார்கள். மனுதாரர் கொடுத்த விலாசத்தில் வீடே இல்லையாம். அந்தக் குடியிருப்பு முன்பே அகற்றப்பட்டுவிட்டதாம். அவனை ஏற்றுக்கொள்ள அங்கே உறவினர் யாரும் இல்லையாம். வேண்டுமானால் புது மனு போடலாமாம்.

விலாசம் மாறிப் போயிருக்கும் அண்ணே, வேறு யாரோ மாறன் என்றேன். அப்பா பேர் சரியாக இருக்கிறது என்றார்.

என்ன நடந்தது என்று எழுது. உடம்பைப் பற்றி எழுத வேண்டாம்.


பெரும்பாக்கம்
14 டிசம்பர் 2024

மாறா,

எழுத வேண்டாம் என்றாய், நலம் கேட்க எனக்கும் முகம் இல்லை. மேலே ஊர்ப் பேர் பார்த்திருப்பாய். இங்கேதான் ரெண்டரை வருஷமாக இருக்கிறேன். வீட்டை இடித்துவிட்டார்கள், அம்மா செத்த அதே மாசம். நீ அப்போது சாப்பிடாமல் கிடந்தாய். உன்னையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்து மறைத்தேன். அப்புறம் உன் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வீடு வந்தது, சொல்ல வாய் வரவில்லை.

பொன்மணி சொன்னதில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். அந்த ஆள், "இன்னாம்மா, இந்த விலாசத்துல வீடே காணோம்?" என்று கேட்டிருக்கிறார். அதெல்லாம் எப்பவோ இடிச்சாச்சு சார் என்று இவளும் சொல்லியிருக்கிறாள். அதைத்தான் அவர் எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகும் அவர் வருவார் என்று ஒரு வாரம் காலையில் போய் உட்கார்ந்தேன். அப்போதாவது விலாசத்தை எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. உன்னை உள்ளே வைத்தது நான்தான் மாறா. எந்த ஆபீஸும் இல்லை.

மேடம் புது மனு எழுதிக் கொடுத்திருக்கிறார், பெரும்பாக்கம் விலாசத்தோடு. நான் உன்னை வைத்துக்கொள்வேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கூடவே வைத்திருக்கிறேன். நீ போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறது. போட்டு அங்கே ஆபீஸில் கொடுத்துவிடு. எப்போது கொடுப்பாய் என்று மட்டும் எழுது.

அக்கா


கோவை
20 ஜனவரி 2025

அக்காவுக்கு மாறன்.

கோபம் இல்லை என்று ஒரு வரி எழுதுடா என்கிறார் பொன்ராஜ் அண்ணன். கோபம்தான்.

ரெண்டரை வருஷம் நான் தினமும் இல்லாத வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அங்கே படுத்துத் தூங்கியிருக்கிறேன். நீ சொல்லாததால்தான் அந்தத் தூக்கம் வந்தது. அதற்காக உன்னைக் கும்பிடுவதா, திட்டுவதா? நேற்று பூட்டினபிறகு மறுபடி கிளம்பிப் பார்த்தேன். பாலத்தில் இறங்கினதும் நின்றுவிட்டேன். சரி, அக்காவின் புது வீட்டுக்குப் போவோம் என்று பார்த்தால், அங்கே எந்தப் படியில் ஏற வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஒன்றும் தெரியவில்லை. நான் பார்க்காத வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை அக்கா.

வெளியே வந்தாலும் இதேதான். ஏழாவது மாடியில் உனக்கும் கயலுக்கும் நடுவில் ஒரு அந்நியன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். இங்கேயாவது பொன்ராஜ் அண்ணன் இருக்கிறார், எனக்கு எந்தப் பக்கம் படுத்தால் இருமல் வரும் என்று அவருக்குத் தெரியும்.

மனுவை எப்போது கொடுப்பாய் என்று கேட்டிருக்கிறாய். இன் டியூ கோர்ஸ். அர்த்தம் நம் ரெண்டு பேருக்கும் தெரியும்.

மாறன்


பெரும்பாக்கம்
4 மார்ச் 2025

மாறா, சாப்பிடுகிறாயா? அதை மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜனவரி கடைசியில் ஒரு கடிதம் போட்டேன். கட்டடத்தின் நம்பர், படி எந்தப் பக்கம், கதவு உள்பக்கமாகத் திறக்கும், ஜன்னலில் நின்றால் என்ன தெரியும், எல்லாம் எழுதினேன். கயல் படம் வரைந்து கொடுத்தாள், அதையும் வைத்தேன். பிப்ரவரியில் கையெழுத்துப் போடச் சொல்லி இன்னொன்று போட்டேன். உனக்காக மேடம் நோன்பு நாளில் துவா கேட்கிறேன் என்றார். பொன்ராஜ் அண்ணனுக்கும் தனியாக ஒரு கார்டு போட்டேன். "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன் தாயே" என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

நேற்று மேடம் வீட்டுக்கு ஒரு கவர் வந்தது. உன் கையெழுத்து. அடுப்பை அணைத்துவிட்டுப் பிரித்தேன். உள்ளே நான் அனுப்பின மனுதான் இருந்தது. பென்சில் குறி அப்படியே இருக்கிறது, அதன் மேல் ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். கவரைப் பிரித்து விரித்தும் பார்த்தேன். ஒரு வரி கூட இல்லை. மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று நானும் கேட்கவில்லை.

அதே மனுவை மறுபடி வைத்து அனுப்புகிறேன். கையெழுத்துப் போடுடா. மூணாவது தடவையாகக் கேட்கிறேன், இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்பேன். போட மாட்டாய் என்றால் இதே மாதிரி வெறும் தாளாகவாவது திருப்பி அனுப்பிக்கொண்டிரு. கவர் மேல் உன் கையால் என் பேர் எழுதியிருக்கும். நீ இருக்கிறாய் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

அக்கா